தன்னைத் தானே புகழக் கூடாதாம், ஆனால் புத்தகம் விற்க வேண்டும்

ஜனவரி வந்தால் சென்னையில் நூல் வெளியீட்டு விழாக்கள் வரிசை கட்டும். கே.கே. நகர் டிஸ்கவரி புக் பேலஸ், மயிலாப்பூர் கவிக்கோ மன்றம், எழும்பூர் இக்சா மையம், அண்ணா சாலை தேவநேயப் பாவாணர் நூலகக் கட்டடம் என்று ஒரே மாலையில் நாலு இடத்தில் நாலு புத்தகம் வெளியாகும். நாலுக்கும் அழைப்பிதழ் வாட்ஸப்பில் வந்திருக்கும், நாலிலும் நமக்குத் தெரிந்த ஒருவர் வாழ்த்துரை வழங்குவார், எதற்குப் போனாலும் மற்ற மூன்று பேரின் கோபம் உறுதி. நான் பதிப்பகங்களுக்கு மெய்ப்புப் பார்க்கிறவன், அதாவது அச்சுக்குப் போகும் முன் பிழை திருத்துகிறவன், புத்தகக் கண்காட்சி நாட்களில் ஸ்டாலிலும் நிற்பேன். அதனால் இந்த விழாக்களை மேடைக்குப் பின்னாலிருந்து பார்க்கிற வாய்ப்பு கொஞ்சம் அதிகம்.

சில மாதம் முன்பு ஐ.டி. வேலையில் இருக்கும் உறவுக்காரப் பையன் ஒருவனை ஒரு நாவல் வெளியீட்டுக்கு அழைத்துப் போனேன். வெளியே வந்ததும் அவன் கேட்டான்: "சித்தப்பா, எழுதினவர் அவர்தானே? ஆறு பேர் பேசினாங்க, அவர் மட்டும் கடைசியில எழுந்து நன்றி சொல்லிட்டு உட்கார்ந்துட்டார். புக்கைப் பத்தி அவர் ஏன் எதுவுமே சொல்லலை?" சரியான கேள்விதான். பதில் எழுநூறு, எண்ணூறு வருஷம் பழசு.

13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் எழுதிய நன்னூலை நாம் பள்ளியில் இலக்கணமாக மட்டும் படித்துவிட்டுத் தப்பித்தோம். அதன் தொடக்கத்தில் பாயிரம் என்றொரு பகுதி இருக்கிறது, ஒரு புது நூலை ஊருக்கு எப்படி அறிமுகப்படுத்துவது என்பதற்கான விதிகள் அங்கே வரிசையாக இருக்கின்றன. "ஆயிரம் முகத்தான் அகன்றது ஆயினும் பாயிரம் இல்லது பனுவல் அன்றே", அதாவது எவ்வளவு பெரிய நூலாக இருந்தாலும் அறிமுகம் இல்லாவிட்டால் அது நூலே கிடையாது. நம்மூர்ப் புத்தகங்களில் பதிப்புரை, அணிந்துரை, வாழ்த்துரை, முன்னுரை, என்னுரை எல்லாம் தாண்டி முதல் அத்தியாயத்துக்குப் போய்ச்சேர இருபது பக்கம் ஆவதன் வேர் இதில்தான் இருக்கிறது. அடுத்து, அந்த அறிமுகத்தை யார் செய்வது? எழுதியவன் செய்யக் கூடாது. "தோன்றா தோற்றித் துறைபல முடிப்பினும் தான்தற் புகழ்தல் தகுதி அன்றே." எவ்வளவு அரிய விஷயங்களைச் சொல்லி முடித்திருந்தாலும் தன்னைத் தானே புகழ்வது அழகில்லை. அப்படியானால் அவனுடைய ஆசிரியர் சொல்லட்டும், கூடப் படித்தவன் சொல்லட்டும், மாணவன் சொல்லட்டும், தகுதியுள்ள உரைகாரர் சொல்லட்டும் என்கிறது நன்னூல்.

இந்த நாலு பேரையும் மனதில் வைத்துக்கொண்டு அடுத்த விழாவுக்குப் போய் மேடையைப் பாருங்கள். எழுத்தாளர் வாய்க்கு வாய் ஆசான் என்று சொல்லும் மூத்தவர் ஒருவர், அவரோடு சேர்ந்து எழுத வந்த சமவயது நண்பர் ஒருவர், இவரை ஆசான் என்று அழைக்கும் இளைஞர் ஒருவர், ஆய்வுரைக்கு ஒரு பேராசிரியரோ விமர்சகரோ. ஃபிளெக்ஸ் பேனரும் பொன்னாடையும் செல்ஃபியும் புதுசு, ஆட்கள் பவணந்தி உட்காரவைத்தவர்கள்தான்.

நன்னூலுக்கு முன்னாலும் இதே பழக்கம் இருந்திருக்கிறது. தொல்காப்பியத்தின் சிறப்புப் பாயிரம் தொல்காப்பியர் எழுதியதில்லை, பனம்பாரனார் எழுதியது. நிலந்தரு திருவின் பாண்டியன் அவையில் அதங்கோட்டாசான் கேட்க நூல் அரங்கேறிய செய்தி அதில் வருகிறது. அவை, தலைமை, குறுக்குக் கேள்வி கேட்கும் ஒரு கறாரான பெரியவர். இன்றைய விழாவில் அந்தக் கடைசி ஆள் மட்டும் காணாமல் போய்விட்டார். மேடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் முந்தின நாள் இரவுதான் பிடிஎஃப்பைப் புரட்டியிருப்பார்கள், அவர்களிடம் போய்க் குறுக்குக் கேள்வியை எதிர்பார்க்க முடியாது.

ஆனால் பவணந்தி விதிவிலக்கும் வைத்திருக்கிறார். நாலு சந்தர்ப்பத்தில் புலவன் தன்னைத் தானே புகழ்ந்துகொள்ளலாம். அரசன் அவைக்கு ஓலை எழுதும்போது, அவையில் வாதிட்டு ஜெயிக்க வேண்டியபோது, எதிராளி பழிக்கும்போது, அப்புறம் முக்கியமாக, தன் ஆற்றல் என்னவென்று தெரியாதவர்கள் நடுவில் இருக்கும்போது. இந்தக் கடைசிச் சந்தர்ப்பத்தில்தான் இன்றைய தமிழ் எழுத்தாளர் வருஷம் பூராவும் நிற்கிறார்.

முதல் தமிழ் நாவல் என்று நாம் சொல்லும் பிரதாப முதலியார் சரித்திரம் 1879இல் அச்சானபோது மாயூரம் வேதநாயகம் பிள்ளைக்கும் இதே நிலைதான். நாவல் என்றால் என்னவென்றே ஊருக்குத் தெரியாது. அதனால் தமிழில் உரைநடை நூல்கள் இல்லை, அந்தக் குறையைத் தீர்க்கத்தான் இதை எழுதினேன் என்று அவரே முன்னுரையில் விளக்க வேண்டியிருந்தது. அடுத்து வந்தவர்களுக்கு அந்தச் சிரமம் குறைந்தது, காரணம் பத்திரிகை. ராஜம் ஐயரின் கமலாம்பாள் சரித்திரம் 1893இல் விவேக சிந்தாமணியில் தொடராக ஆரம்பித்தது, புத்தகமாக வந்தது அதற்கப்புறம். கல்கி 1950 முதல் 1954 வரை பொன்னியின் செல்வனைத் தன் பத்திரிகையில் எழுதியபோது வாராவாரம் வீடு தேடிப் போனது கதை. கணவன், மனைவி, கல்லூரிக்குப் போகும் பெண், பக்கத்து வீட்டுப் பாட்டி என்று ஒரு பிரதியை அஞ்சாறு பேர் படித்தார்கள். பக்கங்களைக் கிழித்துச் சேர்த்து வீட்டிலேயே பைண்டு பண்ணி வைத்துக்கொண்டார்கள். அப்படி ஒரு நாவல் கடைக்கு வரும்போது அதை அறிமுகப்படுத்த எந்த மேடையும் தேவைப்படவில்லை.

அந்த ஏற்பாடு போய்விட்டது. இன்று எழுதப்படும் நாவல்களில் பெரும்பாலானவை எந்தப் பத்திரிகையிலும் ஒரு அத்தியாயம்கூட வராமல் நேராக அச்சுக்கூடத்துக்குப் போகின்றன. எழுதியவர், அவர் வீட்டில் ஒருவர், பதிப்பாளர், மெய்ப்புப் பார்த்த நான், மொத்தம் நாலு வாசகர்களோடு ஒரு நாவல் பிறக்கிறது. பத்திரிகை நாலு வருஷம் உழைத்துச் செய்த அறிமுகத்தை இப்போது ஒரு மாலை நேரக் கூட்டமும் சில ஃபேஸ்புக் பதிவுகளும் செய்தாக வேண்டும்.

கூடவே பிரதிகளின் எண்ணிக்கையும் சுருங்கிவிட்டது. முன்பு முதல் பதிப்பு என்றால் ஆயிரம், ஆயிரத்து இருநூறு என்று போடுவார்கள். அதில் ஒரு பகுதியை நூலகத் துறை எடுத்துக்கொள்ளும் என்ற நம்பிக்கையில்தான் அச்சடிக்கும் தைரியமே வந்தது. மெட்ராஸ் பொது நூலகச் சட்டம் 1948இல் வந்தது, நாம் கட்டும் சொத்து வரியோடு நூலக வரியும் சேர்ந்து போகிறது, அந்தப் பணத்தில்தான் இந்தக் கொள்முதல். நூலக ஆணை வருமா, எப்போது வரும், எத்தனை பிரதிக்கு வரும் என்பது பதிப்பாளருக்கு மழை மாதிரி. வராத வருஷங்களில் கோடவுனில் கரையான் மட்டும் படிக்கும். அதனால் பிரிண்ட் ஆன் டிமாண்ட் வந்ததும் பலரும் அதற்குத் தாவினார்கள். ஐம்பது பிரதி, நூறு பிரதி, விற்றால் மறுபடி ஐம்பது.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். 240 பக்க நாவல், அச்சுக்கூடப் பாஷையில் பதினாறு பக்கம் கொண்ட ஃபாரம் பதினைந்து, விலை 300 ரூபாய். வழக்கமான பத்து சதவீத ராயல்டி என்றால் பிரதிக்கு 30 ரூபாய். 300 பிரதி விற்றால் எழுத்தாளருக்கு 9,000 ரூபாய். அரங்க வாடகை, டீ, மசால் வடை, ஃபிளெக்ஸ், பேச்சாளர்களுக்கு டாக்ஸி என்று விழாவுக்குச் செலவாகும் தொகையை இதோடு ஒப்பிட்டால் சிரிப்பு வரும், அதைப் பல நேரம் எழுத்தாளரே தன் சம்பளத்திலிருந்து கொடுக்கிறார் என்று தெரிந்தால் சிரிப்பு போய்விடும். கடைக்காரருக்கு 35 முதல் 40 சதவீதம் வரை கழிவு போகும், காகித விலை ஒவ்வொரு வருஷமும் பதிப்பாளரைப் பயமுறுத்தும், புத்தகத்துக்கு ஜிஎஸ்டி கிடையாது என்றாலும் அதை அச்சடிக்கும் காகிதத்துக்கு உண்டு. ஆக, விழாவால் லாபம் என்று யாரும் நினைப்பதில்லை. விழா நடந்தால் படம் எடுக்கலாம், படம் இருந்தால் பதிவு போடலாம், பதிவைப் பார்த்து ஜிபேயில் பணம் அனுப்பி முகவரி தருவார்கள், கையெழுத்துப் போட்டு அனுப்பலாம். அதுதான் உண்மையான கடை. 2024 டிசம்பரில் பதிவு செய்த புத்தக அஞ்சல் சேவை நின்றபோது சிறு பதிப்பாளர்கள் அவ்வளவு பதறியதும் இதனால்தான். 300 ரூபாய்ப் புத்தகத்துக்கு கூரியர் செலவு ஒரு டிபனுக்கு ஆகிற பணம் என்றால் யார் வாங்குவார்கள்? அடுத்த மே மாதம் ஞான் போஸ்ட் என்று வேறொன்று வந்தது, 300 கிராம் வரை 20 ரூபாய், வரி தனி.

எல்லாரும் ஏன் ஜனவரியிலேயே வந்து மோதுகிறார்கள் என்பதற்கு ஒரே காரணம் புத்தகக் கண்காட்சி. 1977இல் அண்ணா சாலை மதரஸா-ஐ-ஆஸம் பள்ளியில் 22 அரங்குகளோடு ஆரம்பித்தது, பதிப்பாளர்கள், புத்தக விற்பனையாளர்கள் சங்கமான பபாசி நடத்துகிறது, இப்போது நந்தனம் ஒய்எம்சிஏ மைதானத்தில் 900 வரை அரங்குகள். வாங்குகிறவர்களுக்குப் பத்து சதவீதக் கழிவு. ஒரு வருஷ விற்பனையில் பெரும்பங்கை இந்த இரண்டரை வாரத்தில் எடுத்துவிடும் பதிப்பகங்கள் இருக்கின்றன, அதனால் செப்டம்பரில் எழுதி முடித்த நாவலும் ஜனவரிக்குத்தான் வரும், டிசம்பரில் அரைகுறையாக முடித்த நாவலும் ஜனவரிக்கே வரும். டிசம்பர் கடைசி வாரத்தில் எனக்கு வரும் மெய்ப்புகளைப் பற்றி நான் எதுவும் சொல்ல விரும்பவில்லை. ஈரோட்டில் 2005இலிருந்து பெரிய புத்தகத் திருவிழா நடக்கிறது, கடந்த சில வருஷங்களாக அரசு எல்லா மாவட்டங்களிலும் கண்காட்சி நடத்துகிறது, இருந்தும் கோவில்பட்டிக்காரரும் விருத்தாசலத்துக்காரரும் நாமக்கல்காரரும் தங்கள் நாவலை முதலில் சென்னையில்தான் காட்ட வேண்டும் என்று ரயில் ஏறி வருகிறார்கள். பத்திரிகைக்காரர்கள், யூடியூப் சானல்கள், விருதுக் குழுக்களில் இருப்பவர்கள், சினிமாவில் கதை தேடுகிறவர்கள் எல்லாம் இங்கே இருப்பதால்.

அப்படி ரயில் ஏறி வருகிறவர்களுக்கு இன்னொரு தடை உண்டு, அது பாஷை. ஆர். சண்முகசுந்தரம் 1942இல் நாகம்மாளைக் கொங்குப் பேச்சில் எழுதியதிலிருந்து தமிழில் வட்டார நாவல் என்றொரு வகை இருக்கிறது. கரிசலுக்குக் கி. ராஜநாராயணன், நடுநாட்டுக்குக் கண்மணி குணசேகரன், கொங்குக்குப் பெருமாள்முருகன் என்று கதை எழுதியவர்களே உட்கார்ந்து வட்டாரச் சொல்லகராதியும் தொகுத்திருக்கிறார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள், தமிழ் நாவலைத் தமிழருக்கு அறிமுகப்படுத்தவே அகராதி வேண்டியிருக்கிறது.

கரிசல் பக்கத்திலிருந்து வரும் நாவலாசிரியர் ஒருவர் எனக்குப் பழக்கம், அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவேன். அவருடைய முதல் நாவல் வெளியீட்டில் பேசிய ஐந்து பேரும் மண்வாசனை, மண்வாசனை என்று சொன்னார்களே தவிர, அந்த மண்ணில் என்ன நடக்கிறது என்று ஒருவரும் சொல்லவில்லை. கூட்டம் முடிந்து டீ குடிக்கும்போது ஒரு அம்மா வந்து, "கம்மாய்னா ஏரியாங்க?" என்று கேட்டார். அண்ணாச்சி அந்த இடத்திலேயே, கம்மாயில் தண்ணீர் வந்தால் ஊர் எப்படி இருக்கும், வராவிட்டால் எப்படி இருக்கும், மடை திறக்கிற அன்றைக்கு யார் யாருக்குச் சண்டை வரும் என்று டீ ஆறுகிற வரை சொன்னார். சுற்றி எட்டுப் பத்துப் பேர் நின்றுவிட்டார்கள், எல்லாரும் புத்தகம் வாங்கினார்கள். இரண்டாவது நாவலுக்கு வந்தபோது அவரே தெளிவாகச் சொல்லிவிட்டார்: "தம்பி, பேசறதுக்கு ஒருத்தர் போதும். மிச்ச நேரம் நான் ரெண்டு பக்கம் வாசிக்கேன்." வாசித்தார். எழுத்தில் முட்டிக்கொண்டு நிற்கும் வட்டாரச் சொல் அந்த வட்டாரக்காரர் வாயிலிருந்து வரும்போது அகராதி இல்லாமலே புரிந்துவிடுகிறது, ஏனென்றால் தொனியிலேயே பாதி அர்த்தம் இருக்கிறது. தன்னைப் புகழவும் இல்லை, தன் புத்தகத்தை ஊமையாக விட்டுவிடவும் இல்லை. பவணந்திக்கும் ஆட்சேபம் இருந்திருக்காது என்றே நினைக்கிறேன்.

ஆக நாவலுக்கு ஒரு வழி உண்டு, அது மெல்ல உருவாகியும் வருகிறது. சிறுவர் புத்தகத்தின் பாடுதான் திண்டாட்டம்.

நன்னூல் பாயிரத்தில் என்னென்ன இருக்க வேண்டும் என்று எட்டு விஷயங்களைச் சொல்கிறது. ஆக்கியோன் பெயர், வழி, எல்லை, நூற்பெயர், யாப்பு, நுதலிய பொருள், கேட்போர், பயன். ஏழாவதைக் கவனியுங்கள், கேட்போர். இந்த நூல் யாருக்கு? நாவலில் கேட்போரும் வாங்குவோரும் ஒருவரே. சிறுவர் புத்தகத்தில் கேட்பது ஐந்து வயது, பணம் கொடுப்பது முப்பத்தைந்து வயது. கேட்போர் கூட்டத்துக்கு வருவதில்லை, அழைப்பிதழ் படிப்பதில்லை, ஃபேஸ்புக்கில் இல்லை. வாங்குவோர் எட்டாவது விஷயமான பயனை மட்டுமே கேட்கிறார். ஸ்டாலில் நின்றால் ஒரு நாளைக்கு இருபது முறையாவது இதைக் கேட்கலாம்: "இதுல நீதி இருக்கா?" "படிச்சா என்ன யூஸ்?" "ஜி.கே. புக் எங்க இருக்கு?" கீழே தரையில் உட்கார்ந்து ஒரு பையன் புத்தகத்தை முக்கால்வாசி படித்து முடித்திருப்பான், மேலே அவன் அப்பா பக்கத்தை எண்ணிப் பார்த்து, முப்பத்திரண்டு பக்கத்துக்கு 120 ரூபாயா என்று திருப்பி வைப்பார். அவரையும் குறை சொல்ல முடியாது, அருகிலேயே 600 பக்க நாவல் 500 ரூபாய்க்கு இருக்கிறது, எடைக்கு எடை பார்த்தால் அது மலிவு.

ஏன் அந்த விலை என்பதற்குக் காரணம் அச்சில் இருக்கிறது. நாவலின் உள்பக்கம் ஒற்றைக் கருப்பு மை, அதனால் டிஜிட்டலில் ஐம்பது பிரதி போட்டாலும் கட்டுப்படியாகும். படக்கதைப் புத்தகத்துக்கு ஒவ்வொரு பக்கமும் நாலு வண்ணம், வழவழப்பான காகிதம், ஓவியருக்குச் சம்பளம். டிஜிட்டலில் நூறு பிரதி வண்ணத்தில் போட்டால் அடக்க விலையே பயமுறுத்தும். ஆஃப்செட்டுக்குப் போனால் நூறு பிரதிக்கும் இரண்டாயிரம் பிரதிக்கும் பிளேட் செலவு ஒன்றுதான், ஆகவே விலையைக் குறைக்க வேண்டுமானால் ஆயிரம், இரண்டாயிரம் என்று அடித்துக் குவித்தாக வேண்டும். பெரியவர்களின் நாவல் ஐம்பது ஐம்பதாகத் தவழ்ந்து போகலாம், குழந்தைகள் புத்தகம் எடுத்த எடுப்பில் இரண்டாயிரம் வீடு தேட வேண்டும். இந்தக் கணக்கைச் சமாளிக்க முடியாதவர்கள் என்ன செய்கிறார்கள் என்றால் படத்தைக் கருப்பு வெள்ளையாக்கி, தபால்தலை அளவுக்குச் சுருக்கி, எழுத்தைப் பொடியாக்கி 64 பக்கத்தில் பத்துக் கதைகளைத் திணித்துவிடுகிறார்கள். என் அபிப்பிராயத்தில் தமிழ்ச் சிறுவர் புத்தகங்கள் பலவும் தோற்பது கதையால் இல்லை, இந்தத் திணிப்பால்.

இதற்கும் முன்பு பத்திரிகைதான் கைகொடுத்தது. 1947இல் சென்னையிலிருந்து வரத் தொடங்கிய அம்புலிமாமா, பிறகு 1972இல் கோகுலம் என்று மாதாமாதம் வண்ணமும் கதையும் மலிவாக வீட்டுக்கு வந்தன. அழ. வள்ளியப்பா 1950இலேயே குழந்தை எழுத்தாளர் சங்கம் ஆரம்பித்து, இந்த வகை எழுத்துக்காரர்களை ஒரு கூரைக்குக் கீழே கொண்டுவந்தார். இன்னொரு பக்கம் சோவியத் புத்தகங்கள் தடி அட்டையும் பெரிய படமுமாக நியூ செஞ்சுரி புக் ஹவுஸ் வழியாக நம்பவே முடியாத விலைக்குக் கிடைத்தன. இன்றைய சிறார் எழுத்தாளர்களில் நாற்பதைத் தாண்டிய யாரைக் கேட்டாலும் கண்ணை மூடிக்கொண்டு அந்தப் புத்தகங்களைப் பற்றி அரை மணி நேரம் பேசுவார்கள், விழா மேடையிலும் அதையே பேசுவார்கள், அதுவும் ஒரு சிக்கல். சோவியத் யூனியன் போயிற்று, சிறுவர் பத்திரிகைகளும் ஒன்றன்பின் ஒன்றாக நின்றுபோயின. பாலர்களுக்கான எழுத்து தனியாக மதிக்கப்பட வேண்டியது என்பது நம்முடைய நிறுவனங்களுக்கே தாமதமாகத்தான் உறைத்தது, சாகித்திய அகாதெமி விருது 1955இல் ஆரம்பித்தது, பால சாகித்திய புரஸ்கார் வந்தது 2010இல்.

சென்னைக் குழந்தைகள் விஷயத்தில் கூடுதலாக ஒரு சங்கதி. வீட்டில் தமிழ் பேசுகிறார்கள், தமிழ்க் கதை கேட்கிறார்கள், ஆனால் ஆங்கில மீடியத்தில் படிப்பதால் தமிழை எழுத்துக் கூட்டித்தான் வாசிக்கிறார்கள். ஏழு வயதுக் குழந்தையின் காது ஏழு வயதுக் கதையைக் கேட்கிறது, கண் நாலு வயது வேகத்தில் படிக்கிறது. இந்த இடைவெளியைக் கவனித்துத்தான் 1996இல் இங்கே தொடங்கிய தூலிகா போன்ற பதிப்பகம் ஒரே பக்கத்தில் தமிழும் ஆங்கிலமும் போட்டது. மற்ற பதிப்பகங்கள் பெரும்பாலும் எல்லாவற்றையும் "சிறுவர் நூல்" என்று ஒரே அலமாரியில் அடுக்குகின்றன. நாலு வயதுக்கான படக்கதையும் பதின்மூன்று வயதுக்கான இளையோர் நாவலும் பக்கத்தில் பக்கத்தில், எது யாருக்கு என்று அட்டையில் ஒரு எண்கூட இருக்காது. பள்ளிக் கல்வித் துறை இதில் பரவாயில்லை. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான இதழ்களில் ஊஞ்சல் சின்னவர்களுக்கு, தேன்சிட்டு அதற்கு மேல் வயதுக்கு என்று பிரித்தார்கள், வாசிப்பு இயக்கப் புத்தகங்களுக்கு நுழை, நட, ஓடு, பற என்று படிநிலைக்குப் பெயர் வைத்தார்கள். இந்த நாலு சொல்லை யோசித்தவருக்கு ஒரு பொன்னாடை போர்த்தலாம்.

இப்போது அந்த ஞாயிற்றுக்கிழமைக் கதைக்கு வருகிறேன். அரங்கின் பெயர் வேண்டாம், எழுதியவர் பெயரும் வேண்டாம். காக்கை ஒன்று மொட்டைமாடி வடாமைத் திருடும் படக்கதை, மெய்ப்புப் பார்த்தது நான்தான் என்பதால் போயிருந்தேன். பத்து மணி விழா பதினொன்றுக்குத் தொடங்கியது. ஏழு பேச்சாளர்கள். முன்வரிசையில் எழுத்தாளரின் நண்பர்கள் வீட்டுப் பிள்ளைகளைப் பட்டுப்பாவாடை, சட்டை சகிதம் உட்காரவைத்திருந்தார்கள். முதலில் பேசியவர் உலகச் சிறார் இலக்கியத்தின் போக்குகளை இருபத்தைந்து நிமிடம் விளக்கினார், இரண்டாமவர் செல்போன் குழந்தைகளைக் கெடுப்பதைப் பற்றிப் பேசினார், அந்த நேரத்தில் முன்வரிசை முழுக்க அம்மாக்களின் செல்போனில் மூழ்கியிருந்தது. ஆறாவது பேச்சாளர் முடிக்கும்போது கைதட்டல் அடங்கிய அந்த ஒரு நொடியில் ஒரு பெண் குழந்தை அரங்கம் கேட்கிற மாதிரிக் கேட்டாள்: "எப்பம்மா கதை சொல்வாங்க?"

எழுத்தாளர் எழுந்தார். ஏற்புரைக்கு எழுதி வைத்திருந்த தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு மேடை விளிம்பில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்து புத்தகத்தைப் பிரித்தார். பிள்ளைகள் ஓடிப்போய்ச் சூழ்ந்துகொண்டார்கள். ஏழாவது பேச்சாளர் குறிப்புத்தாளோடு மைக் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார், அவர் முகத்தை நான் பார்க்கவே இல்லை என்று வைத்துக்கொள்வோம். கதை பன்னிரண்டு நிமிடம். நடுவில் பிள்ளைகள் நிறுத்தி நிறுத்திக் கேள்வி கேட்டார்கள், வடாம் உளுந்தா ஜவ்வரிசியா, பாட்டி ஏன் மாடிக்கு லிஃப்டில் போகவில்லை, அந்தக் காக்காவுக்குப் பேர் என்ன. முதல் இரண்டுக்கும் பதில் சொன்னார், மூன்றாவதுக்கு முழித்தார். எங்களுக்கும் சிரிப்பு வந்தது, ஆனால் நானும் அந்தக் கதையை மூன்று முறை மெய்ப்புப் பார்த்தவன், காக்கைக்குப் பெயர் இல்லை என்பது எனக்கும் உறைக்கவில்லை. தொல்காப்பியருக்கு ஒரு அதங்கோட்டாசான் கிடைத்த மாதிரி அவருக்கு அன்று ஒரு டஜன் பேர் கிடைத்தார்கள். கொண்டுவந்திருந்த கட்டு அங்கேயே காலியானது.

அதற்கப்புறம் அவர் விழா வைப்பதில்லை. சனிக்கிழமைகளில் எங்கே பிள்ளைகள் இருப்பார்கள் என்று தேடிப் போகிறார், கிளை நூலகம், அபார்ட்மென்ட் பார்க்கிங், பூங்கா. கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் சிறுவர் பிரிவுக்குள் ஒரு செயற்கை மரம் இருக்கிறதே, அதன் அடியில் உட்கார்ந்து கதை கேட்ட பிள்ளைகளைப் பார்த்தால் நான் சொல்வது புரியும். இந்த முறையில் ஒரு நாளைக்கு எட்டுப் பத்துப் பிரதிதான் போகும், சில நாள் ஒன்றுகூடப் போகாது, பெட்ரோல் காசு கைவிட்டுப் போகும், எல்லா எழுத்தாளருக்கும் வாரக் கடைசியை இப்படிக் கொடுக்க முடியாது. கதை எழுதத் தெரிந்த எல்லாருக்கும் கதை சொல்ல வரும் என்றும் சொல்ல முடியாது. நல்லாச் சொல்கிறவர்களைக் கதைசொல்லிகளாகக் கூட்டி வரலாம், அவர்களுக்கும் ஒரு தொகை தர வேண்டும், அதைப் புத்தக விலைக்குள் எங்கே வைப்பது என்று எந்தப் பதிப்பாளரும் இன்னும் கணக்குப் போட்டதாகத் தெரியவில்லை.

போன மாதம் அந்தக் காக்கைக் கதையின் இரண்டாம் பதிப்பு மெய்ப்புக்கு வந்தது. முதல் பதிப்பில் இரண்டு பெரியவர்களின் அணிந்துரை நாலு பக்கத்துக்கு இருந்தது. இரண்டையும் எடுத்துவிட்டு அந்த நாலு பக்கத்துக்கும் படத்தைப் பெரிதாக்கச் சொல்லியிருந்தார். ஒன்பதாம் பக்கத்தில் சிவப்பு மையில் ஒரு திருத்தம், காக்கை என்று வரும் இடத்தில் எல்லாம் கருப்பாயி என்று மாற்றவும்.